யானை சிரிப்பதில்லை

ஒரே நாளில் ஒரே சொல்லை மூன்று பொருளில் கேட்க நேர்ந்தது. திண்டுக்கல் பேருந்து நிலையம் பக்கம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த ஓர் இளைஞர் "அட்டகாசம்டா!" என்றார். தேநீர்க் கடையில் கிடந்த நாளிதழில் "காட்டு யானைகள் அட்டகாசம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அம்மா தன் பேரனை "உன் அட்டகாசம் தாங்க முடியலடா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். முதலாவது பாராட்டு. இரண்டாவது குற்றச்சாட்டு. மூன்றாவது பாதி கோபம், பாதி கொஞ்சல். இந்தச் சொல் பிறந்தபோது அதற்கிருந்த பொருள் இந்த மூன்றிலும் இல்லை. அட்டகாசம் என்றால் சிரிப்பு. உரக்கச் சிரிக்கும் சிரிப்பு, எதிரில் இருப்பவன் நடுங்கும்படியான சிரிப்பு.

அட்டஹாசம் என்பது வடசொல். ஹாசம் என்றால் சிரிப்பு. அட்ட என்றால் உயர்ந்த, உரத்த. இரண்டும் சேர்ந்தால் பெருஞ்சிரிப்பு. தமிழுக்கு வந்தபோது ஹ என்ற எழுத்து க ஆயிற்று. இதற்கு நன்னூலிலேயே விதி இருக்கிறது. வடமொழி ஹகரம் சொல்லுக்கு முதலில் வந்தால் அ ஆகும், இடையில் வந்தால் க ஆகும். ஹரன் அரன் ஆனதும் மோஹம் மோகம் ஆனதும் இப்படித்தான். அட்டஹாசம் அட்டகாசம் ஆனது இந்த வழியில்தான்.

இந்தச் சொல்லுக்கு உடன்பிறப்புகள் இரண்டு உண்டு. ஒன்று பரிகாசம், அதாவது பரிஹாசம், கேலிச் சிரிப்பு. இன்னொன்று மந்தகாசம், மந்தஹாசம், மெல்லிய புன்னகை. பழைய தொடர்கதைகளில் கதாநாயகி மந்தகாசமாகத்தான் சிரிப்பாள். இந்த மூன்றும் ஒரு குடும்பம். பெயரில் காசம் இருப்பதாலேயே மற்றவற்றை இதில் சேர்த்துவிடக் கூடாது. பிரகாசத்தில் இருக்கும் காசம் ஒளி. காசநோயில் இருக்கும் காசம் இருமல். ஆகாசமும் அவகாசமும் வெளி, இடம் என்ற பொருளில் வந்தவை. எழுத்து ஒன்றாகிவிட்டதால் தமிழில் இவை அண்ணன் தம்பிகள் போலத் தெரிகின்றன. மூலத்தில் சிரிப்புக் குடும்பத்தோடு மற்றவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அட்ட என்ற முன்பாதியிலும் இதே குழப்பம் உண்டு. அட்டலட்சுமி, அட்டதிக்கு என்னும்போது அது எட்டு. அஷ்டம் அட்டமாயிற்று. அடு என்ற தமிழ் வினையிலிருந்து வரும் அட்ட என்பதும் இருக்கிறது. அடு என்றால் சமைப்பது, காய்ச்சுவது. அடுப்பு அதில் வந்ததுதான். அடு என்றால் கொல்வது, வெல்வது என்றும் பொருள். ஆக எட்டு, உரத்த, காய்ச்சிய, கொன்ற என்று ஒரே உருவத்தில் நான்கு பொருள். "அட்டகாசம் என்றால் எட்டு வகைச் சிரிப்பா ஐயா?" என்று என்னிடம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரே கேட்டிருக்கிறார். அல்ல. உரத்த சிரிப்பு ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்றைப் பெரிய அளவில் சிரித்தவர் சிவபெருமான். பொன், வெள்ளி, இரும்பு என மூன்று கோட்டைகளோடு பறந்து திரிந்த முப்புரத்து அசுரர்களை அழிக்கத் தேர் பூட்டி, மேருவை வில்லாக வளைத்து, கடைசியில் அம்பை விடாமலே அவர் சிரித்தார், கோட்டைகள் எரிந்தன என்பது கதை. பண்ருட்டி அருகே திருவதிகையில் அந்த இடம் இருப்பதாகத் தலபுராணம். அந்த ஊர் அட்ட வீரட்டானங்களில் ஒன்று. இந்த அட்ட எட்டு என்பதைக் கவனிக்கவும். காளிதாசன் மேகதூதத்தில் கைலாய மலையின் பனியை வருணிக்கும்போது, சிவனுடைய அட்டஹாசம் நாள்தோறும் சேர்ந்து குவிந்து கிடப்பதுபோல் இருக்கிறது என்கிறான். வடமொழிக் கவிகளுக்குச் சிரிப்பின் நிறம் வெள்ளை. ஆகவே பனிமலை சிவனின் சிரிப்பு.

இதுவரை சொல்லுக்குக் குறை இல்லை. தெய்வம் சிரித்தது, கொடுமை எரிந்தது. வலியவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. மனிதர் கைக்கு வந்தபோதுதான் அதன் திசை மாறியது.

பரதரின் நாட்டிய சாத்திரம் சிரிப்பை ஆறாகப் பிரிக்கிறது. ஸ்மிதம், ஹஸிதம், விஹஸிதம், உபஹஸிதம், அபஹஸிதம், அதிஹஸிதம். பல் தெரியாத புன்னகையில் தொடங்கி, கண்ணில் நீர் வர, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதுவரை போகும் ஏணி இது. முதல் இரண்டும் உயர்ந்த பாத்திரங்களுக்கு, நடு இரண்டும் இடைப்பட்டவர்களுக்கு, கடைசி இரண்டும் கீழ்ப்பட்டவர்களுக்கு என்பது பரதர் கணக்கு. அரசனும் அமைச்சனும் மெல்லச் சிரிப்பார்கள், வேலையாள் கூச்சலிட்டுச் சிரிப்பான் என்று அர்த்தம்.

முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகங்களில் எழுத்தராக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் கண்டது இதற்கு நேர்மாறு. நாற்காலி எவ்வளவு உயரமோ சிரிப்பு அவ்வளவு சத்தம். அதிகாரியின் அறையிலிருந்து வரும் சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்கும். தலைமை எழுத்தர் சிரித்தால் இரண்டு மேசைக்குக் கேட்கும். எங்களைப் போன்றவர்கள் கோப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிப்போம். அலுவலக உதவியாளர் வாயைப் பொத்திக்கொள்வார். மனு கொடுக்க வந்தவர் சிரிப்பதே இல்லை. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பைத் திரையில் எல்லோருக்கும் அடையாளம் காட்டியவர் பி. எஸ். வீரப்பா. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1957-இல் மகாதேவி, 1958-இல் வஞ்சிக்கோட்டை வாலிபன் என்று வரிசையாக வில்லனாக வந்தார். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தால் கொட்டகையில் குழந்தைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அட்டகாசம் என்ற சொல்லின் பழைய பொருளைக் காதால் கேட்க வேண்டுமென்றால் அந்தப் படங்களைப் பார்த்தால் போதும். அவர் வேடத்தில்தான் வில்லன். 1962-இல் ஆலயமணி போன்ற படத்தைத் தயாரித்தவரும் அவர்தான்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் சொல் அடுத்த பொருளுக்கு நகர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. முதலில் அது சிரிப்பு. பிறகு அப்படிச் சிரிப்பவனின் திமிர். பிறகு அந்தத் திமிரில் அவன் செய்கிற அடாவடி. சிரிப்பு கழன்றுபோய் அடாவடி மட்டும் மிஞ்சியது. "ரவுடிகள் அட்டகாசம்" என்று செய்தி வந்தால் அவர்கள் சிரித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. அடாவடியில் ஒரு வீச்சு, ஒரு மிடுக்கு இருப்பதாக இளைஞர்களுக்குத் தோன்றியபோது சொல் மறுபடி புரண்டு பாராட்டாகிவிட்டது. 2004 தீபாவளிக்கு அஜித் நடித்து, சரண் இயக்கத்தில் 'அட்டகாசம்' என்றே ஒரு படம் வந்தது. யாரும் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

இதைக் கண்டு சில தமிழன்பர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ஃபொர்மிதாபிள் என்று ஒரு சொல். லத்தீனில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழைய நூல்களில் அஞ்சத்தக்கது என்றுதான் பொருள். இன்று பாரீஸில் ஒருவர் நல்ல சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஃபொர்மிதாபிள் என்றால் பிரமாதம் என்று பொருள். தெரிபிள் என்பதும் அப்படியே. நம்மூரில் "படம் பயங்கரமா இருக்கு" என்று மகிழ்ச்சியோடு சொல்வதில்லையா? அச்சத்தில் தொடங்கிய சொல் வியப்பில் போய் முடிவது உலக வழக்கம். பிரியாணியை அட்டகாசம் என்று சொன்ன தம்பி மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதிலும் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு புகார் சொல்ல முடியாது.

என் புகார் வேறு. சொல் பொருள் மாறிப் போனதில், அது முன்பு குறித்த பொருளுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. பொருள் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெயர் இல்லையா, தமிழில் சிரிப்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். உண்மைதான். கலகல என்றால் மனம் திறந்த சிரிப்பு. களுக் என்றால் அடக்க முடியாமல் வந்தது. குபீர் என்றால் திடீரென்று வந்தது. கொல்லென்று என்றால் கூட்டமாகச் சிரித்தது. இந்தக் கொல் ஒலிக்குறிப்புத்தான், கொலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் வகுப்பறையில் நாற்பது பேர் தன்னைப் பார்த்துக் கொல்லென்று சிரிக்க நடுவில் நின்ற பையனிடம் கேட்டால் தொடர்பு உண்டு என்பான். முறுவல், நகை, இளிப்பு, எள்ளல், ஏளனம், நையாண்டி, நக்கல், எகத்தாளம், இளக்காரம் என்று பட்டியல் நீளும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் முதலில் நிற்பது எள்ளல். சிரிப்பு பிறந்த வீட்டில் அவமதிப்பும் குடியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஏளனம், எள்ளல் எல்லாம் மனநிலையைச் சொல்பவை. உரக்க, பலர் நடுவில், எதிராளி பதில் சொல்ல முடியாத இடத்தில் வைத்துச் சிரிப்பதற்கென்று இருந்த சொல் அட்டகாசம்தான். மற்ற மொழிக்காரர்கள் அந்தச் சிரிப்பை விலங்குகளின் வாயில் வைத்தார்கள். பிரெஞ்சில் ரிக்கானே என்றால் ஏளனமாகச் சிரிப்பது. அதன் மூலம் பழைய பிரெஞ்சில் கழுதை கத்துவதைக் குறித்த சொல். சிரிப்பு என்ற சொல்லின் சாயலில் பின்னால் உருமாறியது. ஆங்கிலத்தில் குதிரைச் சிரிப்பு என்கிறார்கள். நாம் கோழியைப் பிடித்துக்கொண்டோம், கொக்கரிக்கிறான் என்கிறோம். கோழி முட்டையிட்டதைச் சொல்லக் கொக்கரிக்கிறது. கழுதைக்கு ஏதோ வேண்டும், கத்துகிறது. இரண்டும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. பெர்க்சோன் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் 1900-இல் சிரிப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சிரிப்புக்கு உரியது மனிதரிடம் மட்டுமே உண்டு என்றும், சிரிக்கும் நேரத்தில் இதயம் சற்று மரத்துப்போக வேண்டியிருக்கிறது என்றும் அதில் சொல்கிறார். இந்த இரண்டாவது கருத்தை நான் மாணவனாக இருந்தபோது புரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்தபின் புரிந்தது.

என் தந்தை ஊர் புதுச்சேரி, தாய் ஊர் திண்டுக்கல். அப்பா காலமான பிறகு அம்மாவோடு இங்கே வந்து, தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தேன். புதுச்சேரியில் நகராட்சி அலுவலகத்தை மேரி என்பார்கள். பிரெஞ்சு போனபின்னும் அந்தச் சொல் போகவில்லை. ரிக்‌ஷாக்காரர், மீன் விற்கும் அம்மா எல்லோரும் மேரி என்றுதான் சொல்வார்கள். நானும் சேர்ந்த முதல் வாரத்தில், "மேரிக்குப் போயிட்டு வந்திடறேன் சார்" என்றேன். நகராட்சியில் ஒரு சான்று வாங்க வேண்டியிருந்தது. மேலாளர் பேனாவை வைத்தார். "யாருய்யா அந்த மேரி? அதுக்குள்ளயா?" என்றார். முழு அறையும் சிரித்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், அதற்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஐந்தாறு மாதம் நான் எழுந்து வெளியே போனாலே "மேரி கூப்பிடுதா?" என்று ஒரு குரல் வரும், பின்னாலேயே சிரிப்பு வரும்.

நானும் சிரித்தேன். இதைத்தான் சொல்ல வந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் சிரிக்கப்படுபவனும் சிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் மோசம். பிரெஞ்சில் அதற்கு மஞ்சள் சிரிப்பு என்று பெயர். தமிழில் அசட்டுச் சிரிப்பு. சிவனின் சிரிப்பு பனிபோல் வெள்ளை, சிரிக்கப்பட்டவனின் சிரிப்பு மஞ்சள். அந்த மஞ்சள் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் "அவரும் ரசிக்கிறாருப்பா" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நானாவது சம்பளம் வாங்குகிறவன், இளைஞன், தாங்கிக்கொண்டேன். பிற்பாடு வேறோர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு மூதாட்டி வந்தார். நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வயதுக்குச் சான்று இல்லை. "வயசு என்னம்மா?" என்று கேட்டதற்கு, "கணக்குத் தெரியல சாமி. வைகை டேம் தொறந்த வருஷம் எம் மூத்தவன் கைப்புள்ள" என்றார். நல்ல விடை அது. வைகை அணை திறந்தது 1959-இல். அந்த வருடம் மடியில் பிள்ளை இருந்தால் இன்று என்ன வயது என்று சுமாராகக் கணக்குப் போட்டுவிடலாம். எழுத்தறியாதவர்கள் இப்படித்தான் காலத்தை ஞாபகம் வைத்திருப்பார்கள், பஞ்சத்தை வைத்து, வெள்ளத்தை வைத்து, அணையை வைத்து. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கணக்குப் போடவில்லை. "அப்போ டேம்ல போயி சர்டிபிகேட் வாங்கிட்டு வா" என்றார். அறை அதிர்ந்தது. அந்த அம்மாவும் பொக்கை வாயால் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்னுக்கு நகர்ந்து வெளியே போய்விட்டார். மனு மேசையிலேயே கிடந்தது.

அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று பெற்று இணைத்தால் போதும், பெரிய வேலை இல்லை. கிராமத்துக்குச் சொல்லியனுப்பி அதைச் செய்தோம், தொகையும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மா ஒருமுறைகூட அலுவலகப் படி ஏறவில்லை. எது வேண்டுமானாலும் பேரன்தான் வருவான். "அப்பத்தா ஏன் வரலை?" என்று கேட்டேன். "சிரிப்பாங்கன்னு வரமாட்டேங்குது சார்" என்றான்.

ஒரு மனுவை நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். மேல்முறையீடு உண்டு. சிரித்துத் துரத்தினால் கோப்பில் ஒன்றும் பதிவாகாது. முறையிட இடமும் இல்லை. எந்த விதியையும் மீறாமல் ஓர் ஏழையை அலுவலகத்துக்கு வரவிடாமல் செய்ய இதைவிட எளிய வழி கிடையாது. குறைதீர் நாட்கள் வந்துவிட்டன, இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி வந்துவிட்டது, நல்லது. ஆனால் வாசலில் சிரிப்பு இருக்கிறதென்றால் உள்ளே எத்தனை வசதி செய்தும் பயன் குறைவுதான்.

"அப்படியானால் யாரையும் கேலியே செய்யக் கூடாதா, மனுஷன் எப்படி வாழ்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நம் ஊர்க்காரர்களிடமே பதில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கேலி பேச முறை வேண்டும். மாமன் மச்சானுக்குள், கொழுந்தியாளோடு, அத்தை மக்களோடு எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அழவைத்துவிடுவார்கள். ஆனால் அவரும் திருப்பிக் கொடுப்பார், கொடுக்கலாம். அண்ணன் தம்பி முறை என்றால் வாய் திறக்க மாட்டார்கள். முறை இல்லாதவர் கேலி பேசினால் பஞ்சாயத்துவரை போகும். ஆக விதி எளிது. திருப்பிச் சொல்ல உரிமை உள்ளவரைக் கேலி செய்யலாம். வெங்காயப் பேட்டையில் இரண்டு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் நாறடித்துக்கொண்டு சிரிப்பார்கள், கேட்கவே சுகமாக இருக்கும். அது கேலி. அதிகாரிக்கும் மனுதாரருக்கும், ஆசிரியருக்கும் மாணவனுக்கும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் அந்த முறை கிடையாது. அங்கே சிரித்தால் அது அட்டகாசம்.

வள்ளுவரும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார். இடுக்கணழியாமை அதிகாரத்தில் துன்பம் வந்தால் சிரி என்கிறார், அது நம்முடைய துன்பம். பண்புடைமையில் விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது இன்னாதது என்கிறார், அது அடுத்தவருடையது.

விக்டர் ஹியூகோவின் 'சிரிக்கும் மனிதன்' 1869-இல் வந்த நாவல். சிறு வயதில் முகத்தை அறுத்து நிரந்தரமாகச் சிரிக்கும்படி செய்துவிடப்பட்ட ஒருவனின் கதை. அவன் பிரபு வம்சத்தவன் என்று பின்னால் தெரியவந்து, இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் உட்கார வைக்கப்படுகிறான். ஏழைகள் படும் பாட்டை எழுந்து சொல்கிறான். சபை சிரிக்கிறது. அவன் சொல்வது பொய் என்று ஒருவரும் மறுக்கவில்லை, சிரிப்பதே பதிலாகப் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். வைகை டேம் அம்மாவின் மனு மேசையில் கிடந்தபோது எனக்கு அந்தச் சபைதான் ஞாபகம் வந்தது.

இன்று இந்தச் சிரிப்பு கைபேசிக்குள் வந்துவிட்டது. யாரோ ஒரு பெரியவர் நகரும் படிக்கட்டில் ஏறத் தெரியாமல் தடுமாறுகிறார், யாரோ ஒரு பெண் ஆங்கிலச் சொல்லை மாற்றி உச்சரிக்கிறார். படம் பிடித்து, பின்னால் சிரிப்பொலி சேர்த்து அனுப்புகிறார்கள். அலுவலகத்தில் பத்துப் பேர் சிரித்ததை இப்போது பத்தாயிரம் பேர் சிரிக்கிறார்கள், தடுமாறிய பெரியவருக்கு அவர்கள் யார் என்றே தெரியாது. அசட்டுச் சிரிப்புச் சிரித்து ஒப்பேற்றக்கூட அவருக்கு வாய்ப்பில்லை. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நகைச்சுவை.

இனி யானைக்கு வருகிறேன். கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், பழனி மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்குவது புதிதல்ல. ஒரே இரவில் பத்துத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகும். பத்து வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த விவசாயியின் வயிற்றெரிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். ஆனால் செய்தியில் ஏன் அட்டகாசம்? யானைக்குப் பசி, தாகம், தெரிந்த பழைய வழி, அந்த வழியில் புதிதாக ஒரு வேலி. அது வந்தது, தின்றது, மிதித்தது. யாரையும் கீழே தள்ளி வைத்துப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோயில் படியில் பையைப் பறிக்கும் குரங்கும் கொடைக்கானல் தெருவில் நடக்கும் காட்டெருமையும் அப்படித்தான். "யானைகளால் தென்னைகள் சேதம்" என்று எழுதினால் செய்தி முழுமையாகவே இருக்கிறது. விவசாயியின் நட்டம் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அட்டகாசம் என்று எழுதும்போது யானை வீரப்பா ஆகிவிடுகிறது. வில்லன் என்று முடிவான பிறகு வழியை யார் அடைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கழுதைக்கும் குதிரைக்கும் கோழிக்கும் நம் சிரிப்பை ஏற்றிவைத்தது போதும். பத்திரிகை நண்பர்கள் யானையிடமிருந்து அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். பாராட்டுவதற்கு இளைஞர்கள் வைத்துக்கொள்ளட்டும், தடையில்லை. அதோடு ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாராவது, முன்னால் நிற்பவரின் வயதை, பேச்சை, ஊரை, உடையைப் பார்த்து உரக்கச் சிரித்தால், பக்கத்தில் இருப்பவர் ஒருவராவது, "சார், இது அட்டகாசம்" என்று பழைய பொருளில் சொல்லட்டும். கேட்பவர் முதலில் பாராட்டு என்று நினைத்துக்கொள்ளலாம். பரவாயில்லை. விளக்கிச் சொல்லுங்கள்.